ரைனோ வேஷம் யாருக்கு?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் திருச்சியிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்தோம். பையனுக்கு அப்போது நாலு வயசு. இங்கிலீஷ் சுத்தமா வராது. ஆபீஸ் முடிந்து டேகேரில் இருந்து அவனைக் கூட்டிவரப் போனால், பசங்க ஸ்பைடர்மேன் விளையாடிக்கொண்டிருப்பார்கள். என் பையன் மட்டும் தலையைக் குனிந்து உறுமிக்கொண்டே ஓடுவான். அவனுக்குக் கிடைத்தது ரைனோ வேஷம். வில்லன். வசனம் கிடையாது, அடி வாங்கினால் போதும். அவன் என்னவோ சிரிச்சுக்கிட்டுதான் வருவான். எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வராது.

அந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று பார்க்க, அவனோடு உட்கார்ந்து 'ஸ்பைடி அண்ட் ஹிஸ் அமேசிங் ஃப்ரெண்ட்ஸ்' பார்க்க ஆரம்பித்தேன். டிஸ்னி ஜூனியரில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய கார்ட்டூன். பீட்டர், மைல்ஸ், க்வென் என்று மூன்று சிலந்திப் பிள்ளைகள். இவர்களுக்குத் துணையாக ஹல்க், மிஸ் மார்வெல், பிளாக் பேந்தர் வருகிறார்கள். 2022இல் வந்த இரண்டாவது சீசனில் அயர்ன் மேன், ஆன்ட் மேன், வாஸ்ப்பும் சேர்ந்துகொண்டார்கள்.

புது ஹீரோ வந்தால் புது பொம்மை, கூடவே அவருக்கு ஒரு வண்டி. கடையில் அந்த ஷெல்ஃப் முன்னால் நின்ற எந்த அப்பாவுக்கும் இந்த வியாபாரம் புரியும். ஆனால் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. வருகிறவர்கள் யாரும் சிலந்தி வேஷம் போடுவதில்லை. ஹல்க்குக்கு பலம், மிஸ் மார்வெலுக்கு நீளும் கை, ஆன்ட் மேனுக்கு எறும்பளவு சுருங்கும் வித்தை. அவரவர் சரக்கோடுதான் உள்ளே வருகிறார்கள். பிளாக் பேந்தர் வகாண்டா என்ற வேற தேசத்துக்காரர். மிஸ் மார்வெலான கமலா கான், காமிக்ஸ் கதைப்படி எங்க பக்கத்து ஜெர்சி சிட்டியில் வளரும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பொண்ணு.

ஒருநாள் பையன் கேட்டான்: "அப்பா, ஹல்க்கும் கத்துறான்தானே? அப்புறம் ஏன் அவன் நல்லவன்?" எனக்குப் பொறி தட்டியது. 'ஐ ஆம் ஹல்க், கேன் ஐ ஹெல்ப்?' என்ற வரியை ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தேன். போய்க் கேட்டான். சேர்த்துக்கொண்டார்கள். அதே உறுமல்தான், கட்சி மட்டும் மாறிவிட்டது.

கதை இதோடு முடிந்திருந்தால் பெருமையாக இருந்திருக்கும்.

போன மாதம் எங்க அபார்ட்மென்ட் பார்க்குக்கு பிரேசிலில் இருந்து வந்த ஒரு பையன் புதுசா வந்தான். இங்கிலீஷ் வரவில்லை. என் மகன் அவனைப் பார்த்து, சரளமான இங்கிலீஷில், கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னான்: "யூ ஆர் ரைனோ."

அப்போதுதான் புரிந்தது. உள்ளே போக வழி சொல்லிக் கொடுத்தேன். உள்ளே போனபின் கதவைத் திறந்துவைக்கச் சொல்லவில்லை. பசங்களை மட்டும் சொல்வானேன்? ஆபீசில் புதுசா சேர்கிறவர் தலையில் யாரும் தொடாத பழைய கோடைக் கட்டுகிற நானும் அதைத்தானே செய்கிறேன்?

அன்று ராத்திரி பையனிடம் பேசினேன். "நீ ரைனோவா இருந்தது ஞாபகம் இருக்கா?" கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு நியாயமான சந்தேகம் ஒன்றைக் கேட்டான்: "எல்லாரும் ஹீரோன்னா, ரைனோ யாருப்பா?"

இப்போது சனிக்கிழமைதோறும் பார்க்கில் தலையைக் குனிந்து உறுமிக்கொண்டு ஓடுவது நான்தான்.