மலைப் பாதை வண்டிகளில் வின்ச் யந்திரமும் இருவகை வோல்ட் மின்சாரமும்

விளைவிப்பது உழவுத் தொழிலில் ஒரு பாதி. விளைந்ததை நஷ்டமின்றிச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது மறுபாதி. கம்பம் பள்ளத்தாக்கிலும் அதைச் சூழ்ந்த மலைகளிலும் இந்த மறுபாதி என்றுமே எளிதாயிருந்ததில்லை. மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷன் வரை சிறு ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிக் கயிற்றில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, பின்பு மாட்டு வண்டிகளில் போடிநாயக்கனூரை அடைந்தது. 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளத்தில் அந்த ரயில் அழிந்து போயிற்று. இன்று போடி மெட்டு, குமுளி மார்க்கமாக ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்புகள் ஏறி இறங்குகின்றன. சின்னமனூர், உத்தமபாளையம் பக்கங்களில் வாழைத்தோட்டத்து வரப்பு வரை லாரிகள் செல்லுகின்றன.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பாரமேற்றிய லாரி களிமண்ணில் அச்சு வரை இறங்கிவிட்டால் உரிமையாளருக்கு உண்டாகும் கஷ்டம் சொல்லி முடியாது. வெட்டிய வாழைத்தார் காத்திராது. திராட்சைப் பழமோ அதிலும் குறைவாகவே காத்திருக்கும். இக்காரணத்தால் வண்டியின் முன்புறத்தில் மின்சாரத்தால் சுழன்று கம்பிக் கயிற்றை இழுக்கும் வின்ச் யந்திரத்தைப் பொருத்திக்கொள்ளச் சிலர் விரும்புகிறார்கள். விருப்பம் நியாயமானதே. ஆயின் வண்டியின் மின்சாரம் ஒரு வோல்ட்டாகவும், வாங்கிய யந்திரம் வேறொரு வோல்ட்டாகவும் இருக்கும்போது, கிடைத்த இடத்தில் கம்பியைச் சுற்றி இணைத்து விடுவது வழக்கமாயிருக்கிறது. அதனால் பாட்டரி கெடுவதும், கேபிள் எரிவதும், வண்டியே தீப்பற்றுவதும் நேரக்கூடும். ஆகையால் இவ்விஷயத்தை நிலச் சொந்தக்காரர்களும் கிராம அதிகாரிகளும் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

வோல்ட்டும் ஆம்பியரும்

ஜீப், டிராக்டர், சிறு சரக்கு வண்டி ஆகியவற்றில் சாதாரணமாக இருப்பது 12 வோல்ட் மின்சாரம். பெரிய லாரிகளிலும், ராணுவ வண்டிகள் பலவற்றிலும் இருப்பது 24 வோல்ட். 12 வோல்ட் பாட்டரிகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக, அதாவது ஒன்றின் பாசிட்டிவ் முனையை மற்றதன் நெகட்டிவ் முனையோடு சேர்த்தால், 24 வோல்ட் கிடைக்கும்.

வோல்ட் என்பது நீர் விழும் உயரத்தைப் போன்றது. ஆம்பியர் என்பது ஓடும் நீரின் அளவைப் போன்றது. 1895-ஆம் வருஷத்தில் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்து வந்து, லோயர் கேம்ப் மின் நிலையத்தில் மிக்க உயரத்திலிருந்து குழாய்களில் விழுகிறது. அதே நீர் கீழே ஆற்றோட்டத்தில் சிறிய உயரத்தில் விழும் இடங்களிலும் சிறு மின் நிலையங்கள் உள்ளன. உயரம் குறைந்த இடத்தில் அதே சக்தியைப் பெற வேண்டுமானால் மிகுதியான நீர் வேண்டும். வாய்க்காலும் அகலமாயிருக்க வேண்டும். மின்சாரத்திலும் இவ்வாறே.

சுமார் 4 டன் இழுக்கும் வின்ச் ஒன்று, முழுப் பாரத்தில் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 400 ஆம்பியர் வாங்கும். 12-ஐ 400-ஆல் பெருக்க 4,800 வாட் ஆகிறது. இது 6 குதிரைச் சக்திக்குச் சற்று மேற்பட்டது. இதே வேலையை 24 வோல்ட் மோட்டார் 200 ஆம்பியரில் செய்துவிடும். கிணற்றிலுள்ள 5 குதிரைச் சக்தி மும்முனை மோட்டார் சுமார் 7 அல்லது 8 ஆம்பியர் மட்டுமே வாங்குவதை நினைத்துப் பார்த்தால், 400 ஆம்பியர் எத்தகைய வெள்ளம் என்பது விளங்கும்.

கேபிளில் உண்டாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆம்பியர் பாதியானால் சூடு கால் பங்காகும். 50 சதுர மில்லிமீட்டர் செப்புக் கேபிள், போக வர 6 மீட்டர் நீளம் இருப்பதாகக் கொள்வோம். 400 ஆம்பியர் ஓடினால் அதில் ஏறக்குறைய 0.9 வோல்ட் வீணாகி, 370 வாட் சூடு உண்டாகும். 200 ஆம்பியரில் வீணாவது 0.5 வோல்ட்டுக்கும் குறைவு. சூடு 93 வாட். 24 வோல்ட்டின் மேன்மை இதுவே.

பாதி பாட்டரியில் மின்சாரம் எடுப்பதன் கேடு

24 வோல்ட் லாரியில் 12 வோல்ட் ரேடியோ, கூடுதல் விளக்கு, மருந்து தெளிக்கும் மோட்டார் முதலியவற்றை ஓட்டுவதற்காக, இரண்டு பாட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் கம்பி எடுப்பதுதான் நம் பக்கத்தில் மிகுதியாகக் காணப்படும் தவறு. எடுத்தவுடன் விளக்கு எரியும், ரேடியோ பாடும். கேடு பின்னரே தெரிய வரும்.

வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் இரண்டு பாட்டரிகளுக்கும் ஒரே அளவு ஆம்பியரைத்தான் செலுத்தும். ஆனால் ஒன்று மட்டும் தனியே செலவழித்திருப்பதால் அது நிறைவதில்லை. மொத்தம் 28.4 வோல்ட் என்று ஆல்டர்னேட்டர் நிலைநிறுத்தும்போது, வறிய பாட்டரி 13.2 வோல்ட்டில் நின்றால், மற்றது 15.2 வோல்ட் தாங்க நேரிடுகிறது. முன்னது நிறையாமலே கிடந்து அதன் ஈயத் தகடுகள் வெளுத்துக் கெட்டுப்போகும். பின்னதில் நீர் கொதித்து வற்றும். ஒரே குடும்பத்தில் ஒருவனுக்குப் பட்டினியும் மற்றவனுக்கு அஜீரணமும் வந்தாற்போல இரண்டுமே வீணாகும். கெட்ட பாட்டரியைக் கொண்டு 200 ஆம்பியர் இழுக்க முயன்றால், அவசரமான நேரத்தில் வின்ச் பாதியில் நின்றுவிடும்.

இக்கேடு உண்டா என்று அறிவது எளிது. வண்டியைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்தபின், ஒவ்வொரு பாட்டரியையும் தனித்தனியே மீட்டரால் அளக்க வேண்டும். நிறைந்த பாட்டரி 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும்; 12.2 காட்டினால் சுமார் பாதியே மிஞ்சியிருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய சமமாயிருந்தால் அச்சமில்லை. ஒன்று நன்றாகக் குறைந்திருந்தால், நடுவிலிருந்து எடுத்த கம்பியைத் தேடிக் கண்டுபிடித்து நீக்குக.

24 வோல்ட் லாரி உள்ளவர்களுக்கு

இவர்கள் 24 வோல்ட் வின்ச்சையே வாங்க வேண்டும். அது இரண்டு பாட்டரிகளிலிருந்தும் சமமாக எடுப்பதால் மேற்சொன்ன கேடு இல்லை. 12 வோல்ட் வின்ச் முன்பே கையில் இருந்தால், மோட்டாரையும் அதை இயக்கும் சோலினாய்டு சுவிட்சையும் சேர்த்து 24 வோல்ட்டுக்கு உரியவையாக மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது எரிந்துபோகும். சிறு 12 வோல்ட் கருவிகளுக்கு, 24 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை முழு 24 வோல்ட்டின் மீது இணைத்து, அதிலிருந்து மின்சாரம் எடுத்தல் வேண்டும். 10 முதல் 30 ஆம்பியர் வரை தரும் கன்வெர்ட்டர் இவ்வேலைகளுக்குப் போதும். 12 வோல்ட் வின்ச்சை இத்தகைய கன்வெர்ட்டரால் ஓட்ட முடியாது.

12 வோல்ட் ஜீப், டிராக்டர் உள்ளவர்களுக்கு

இவர்களுக்குச் சிக்கனமான வழி 12 வோல்ட் வின்ச்சும், தடித்த குட்டையான கேபிளுமே. 24 வோல்ட் வின்ச் ஏற்கெனவே இருந்தால் அல்லது ஒரே வின்ச்சை லாரிக்கும் ஜீப்புக்கும் மாற்றி மாற்றி உபயோகிக்க வேண்டியிருந்தால் மட்டும் இருவகை வோல்ட் ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம். அதற்கு இரண்டு முறைகள் உண்டு.

முதலாவது, வண்டியின் சொந்தப் பாட்டரியைத் தொடாமல், வின்ச்சுக்கென்றே இரண்டு பாட்டரிகளைத் தொடராக வைத்து, 12 வோல்ட்டை 24-ஆக உயர்த்தும் சார்ஜரால் அவற்றை நிரப்புவது. 200 ஆம்பியர் வீதம் 1 நிமிஷம் இழுத்தால், 10 ஆம்பியர் தரும் சார்ஜர் அதை ஈடு செய்ய 20 நிமிஷத்துக்குமேல் ஆகும். எப்போதோ ஒருமுறை இழுப்பவருக்கு இது போதுமானது, ஆபத்தும் குறைவு.

இரண்டாவது, ஓடும்போது இரண்டு பாட்டரிகளையும் இணையாக 12 வோல்ட்டிலும், இழுக்கும்போது தொடராக 24 வோல்ட்டிலும் மாற்றும் சுவிட்ச் வைப்பது. 12 வோல்ட் விளக்குகளும் 24 வோல்ட் ஸ்டார்ட்டரும் கொண்ட பழைய டீசல் லாரிகள் சிலவற்றில் இம்முறை இருந்தது. தொடராக மாறும்போது இரண்டாவது பாட்டரியின் நெகட்டிவ் முனை வண்டியின் இரும்புச் சட்டத்திலிருந்து முற்றிலும் விடுபட வேண்டும். சுவிட்சின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் பாட்டரி நேராகக் குறுக்கிணைப்பாகித் தீப்பற்றும். தேர்ந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் இல்லாதவிடத்து இம்முறையில் இறங்கலாகாது.

எம்முறையாயினும், ஜோடிப் பாட்டரிகள் ஒரே தயாரிப்பும், ஒரே கொள்ளளவும், ஒரே வயதும் உடையனவாக இருத்தல் அவசியம். பழையதோடு புதியதைச் சேர்ப்பது, கிழ மாட்டோடு இளங்காளையை நுகத்தில் பூட்டியதை ஒக்கும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

1. வின்ச் கேபிளில், கைக்கு எட்டும் இடத்தில் ஒரு மெயின் சுவிட்ச் இருக்க வேண்டும். வேலை இல்லாதபோது அதை அணைத்து வைக்க வேண்டும்.

2. சார்ஜர், கன்வெர்ட்டர், விளக்கு ஆகியவற்றின் கம்பிகளுக்குப் பாட்டரியின் அருகிலேயே பியூஸ் வைக்க வேண்டும். தூரத்தில் வைத்த பியூஸ், அதற்கு முன்னுள்ள கம்பியைக் காப்பாற்றாது.

3. கேபிள் இரும்புத் தகட்டைக் கடக்கும் இடந்தோறும் ரப்பர் வளையம் இட வேண்டும். மலைப் பாதையின் அதிர்ச்சியில் உறை தேய்ந்து போவதே தீ விபத்துக்கு வழி செய்யும்.

4. பாட்டரியைக் கழற்றுகையில் நெகட்டிவ் முனையை முதலிலும், மாட்டுகையில் அதைக் கடைசியிலும் கையாளுக. நிரம்பும் பாட்டரியிலிருந்து எரியும் வாயு வெளிப்படுவதால் பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது.

இழுக்கும்போது

என்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். உருளையில் கம்பிக் கயிறு 5 சுற்றாவது மிஞ்சியிருக்க வேண்டும். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கைப் போட்டு, ஆட்களை எட்ட நிறுத்துக. அறுந்த கயிறு அரிவாளைப்போல் வீசும். ஒரு நிமிஷம் இழுத்தபின் மோட்டார் ஆற இடம் கொடுக்க வேண்டும். முன்னே ஒரு கப்பியை மாட்டிக் கயிற்றை இரட்டையாக்கினால், வேகம் பாதியாகும். வின்ச்சின் மீதுள்ள பாரமும் ஏறக்குறைய பாதியாகும். ஆம்பியரும் அதற்கேற்பக் குறையும். புதுப் பாட்டரி வாங்குவதற்கு முன் ஒரு நல்ல கப்பி வாங்குவது புத்திசாலித்தனம். மரத்தில் கட்டுவதானால் அகலமான பட்டையை உபயோகிக்க வேண்டும். கம்பிக் கயிறு பட்டையை அறுத்து மரத்தைக் கொன்றுவிடும்.

கிராம அதிகாரிகள் ஒரு விஷயத்தை வண்டிக்காரர்களுக்கு எடுத்துச் சொல்லுதல் நலம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவு செய்த வண்டியின் அமைப்பை மனம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. ஆகவே வின்ச் பொருத்துமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும். மேகமலை மலைப்பகுதியில் பெரும்பாகம் 2021-இல் அமைக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது; அங்கே வனத்துறையின் அனுமதியின்றி மரத்தில் கயிறு கட்டலாகாது.

சுருங்கச் சொன்னால், வண்டி எந்த வோல்ட்டோ அதே வோல்ட்டில் வின்ச் வாங்குவது உத்தமம். இரண்டு வோல்ட்டும் வேண்டுமென்றால் அவற்றைத் தனித்தனியே நிறுத்திக் கருவியால் இணைப்பது மத்திமம். ஜோடிப் பாட்டரியின் நடுவில் கம்பி எடுப்பது எக்காலத்தும் கூடாது. மழை தொடங்குமுன் ஒரு நாள் மீட்டரை எடுத்து இரண்டு பாட்டரிகளையும் அளந்து பார்த்துவிட்டால், சேற்றில் நிற்கும் நாளில் வின்ச் கைவிடாது.