வாயில் திறவாத வை-பை

புகையிரத நிலையத்திலோ நூல்நிலையத்திலோ கைத்தொலைபேசியைப் பொது வை-பையுடன் இணைக்கிறோம். இணைப்புக் கிடைத்ததென்று குறி தோன்றுகிறது. நுழைவுப் பக்கமோ வருவதில்லை. இறுதி நாளில் விண்ணப்பம் அனுப்ப வந்த மாணவன் கலங்கிப் போகிறான். காரணம் யாது?

நாம் முதலிற் கேட்கும் பக்கத்தை அவ்வலையமைப்பு இடைமறித்து, அதற்குப் பதிலாகத் தன் நுழைவுப் பக்கத்தை அனுப்புகிறது. ஆனால் இன்று பெரும்பாலான தளங்கள் எச்.ரி.ரி.பி.எஸ். என்னும் பூட்டுடையவை. அவற்றின் பெயரால் வேறொருவர் விடையளித்தால் உலாவி ஏற்க மறுக்கிறது. இம்மறுப்பு நம் பாதுகாப்புக்கே.

ஆகவே பூட்டில்லாத பக்கமொன்றைத் திறந்து பாருங்கள். நெவர் எஸ்.எஸ்.எல். டொட் கொம் என்னும் தளம் இதற்கெனவே உள்ளது. அப்போதும் வராவிடின் வி.பி.என்., தனிப்பட்ட டி.என்.எஸ். ஆகியவற்றைச் சற்று நிறுத்துங்கள். தொலைபேசியின் திகதியும் நேரமும் சரியோ என நோக்குங்கள். அவ்வலையமைப்பைப் பட்டியலிலிருந்து நீக்கி மீண்டும் இணையுங்கள். உள்ளே சென்றபின், நிறுத்தியவற்றை மறவாது இயக்குங்கள்.

அவசரத்தில் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். சான்றிதழ் பிழையென்ற எச்சரிக்கையைத் தாண்டிச் சென்று கடவுச்சொல்லைக் கொடுத்துவிட வேண்டாம். அதே பெயரில் போலி வலையமைப்பை விரிப்போரும் உளர். ஐயமிருப்பின், வலையமைப்பின் சரியான பெயரை அங்குள்ள உத்தியோகத்தரிடம் கேட்டறிந்து கொள்ளுதல் நன்று.