எலும்பு வளர ஒரு பந்தல்

எலும்பு என்றாலே நமக்குச் சுடுகாட்டு ஞாபகம்தான் வருகிறது. எங்கள் ஊர் காரைக்கால் அம்மையாரும் சதையை உதறிவிட்டு, வெறும் எலும்புருவாகப் பேய்க் கோலத்தை வேண்டிப் பெற்றவர் அல்லவா! ஆனால் நம் உடம்புக்குள் இருக்கும் எலும்பு உயிருள்ள பொருள். அதற்குள் ரத்தம் ஓடுகிறது. பழைய எலும்பைக் கரைக்க ஒரு வகை செல்கள், புதிதாகக் கட்ட இன்னொரு வகை செல்கள். இடிக்கிற ஆளும் கட்டுகிற கொத்தனாரும் மாதிரி, இரண்டும் நம் கடைசி மூச்சு வரை ஓயாமல் வேலை பார்க்கின்றன. அதனால்தான் சாதாரண முறிவைச் சரியாகப் பொருத்தி அசையாமல் வைத்தால் தானே கூடிவிடுகிறது. புத்தூர்க் கட்டுக்குப் பெயர் வந்ததும் இந்தக் குணத்தினால்தான்.

தொல்லை எப்போது வருகிறது என்றால், எலும்பில் ஒரு துண்டே இல்லாமல் போகும்போது. விபத்தில் நொறுங்கிப் போகலாம்; கட்டிக்காகவோ சீழுக்காகவோ வெட்டி எடுக்க நேரலாம். நடுவில் பெரிய இடைவெளி விழுந்துவிட்டால் எந்தக் கட்டுப் போட்டாலும் அது மூடாது. அப்போது டாக்டர்கள் நோயாளியின் இடுப்பு எலும்பிலிருந்தே கொஞ்சம் சுரண்டி எடுத்து அங்கே வைக்கிறார்கள். எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு ஸ்கூட்டர் விபத்துக்குப் பிறகு இப்படித்தான் செய்தார்கள். "கால் பரவாயில்லை அத்தை, எடுத்த இடத்து வலிதான் உயிரை வாங்குது" என்பான் பாவம். சொந்த எலும்புக்கு ஈடான சரக்கு இல்லைதான். ஆனால் இடுப்பிலிருந்து எவ்வளவுதான் எடுக்க முடியும்?

இந்த இடத்தில்தான் செயற்கைப் பந்தல் வருகிறது. புடலங்கொடி தானாகத்தான் வளர்கிறது. ஆனாலும் பற்றிப் படரப் பந்தல் வேண்டும். எலும்பு செல்லும் அப்படித்தான். காலி இடத்தில் ஒரு பந்தலை வைத்துவிட்டால் பக்கத்து எலும்பிலிருந்து செல்கள் அதைப் பற்றிக்கொண்டு உள்ளே புகுந்து கட்ட ஆரம்பிக்கும்.

பந்தலை எதனால் செய்வது? நம் எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாதுப்பொருள். ஹைட்ராக்ஸி அபடைட் என்று வாய்க்குள் நுழையாத பெயர் அதற்கு! அதையே பீங்கான் போலச் சுட்டுச் செய்தால் உடம்பு அதை அந்நியமாக நினைத்து விரட்டுவதில்லை.

ஆனால் கெட்டியான பீங்கான் துண்டு உதவாது. நல்ல இட்லியைப் பிட்டுப் பாருங்கள், உள்ளே எத்தனை துளைகள்! பந்தலும் அப்படி இருக்க வேண்டும். துளைகள் சுமார் 100 மைக்ரானுக்கு, அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு, மேல் இருப்பது நல்லது. அதற்குக் குறைந்தால் ரத்தக் குழாய் உள்ளே நுழையத் திணறும். ரத்தம் எட்டாத இடத்தில் செல் பிழைக்காது. துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்திருப்பதும் அவசியம். வாசல் இல்லாத அறையில் யார் குடியிருக்க முடியும்?

கடலிலேயே இப்படி ஒரு பொருள் இருக்கிறது: பவளப்பாறை. 1974-ல் அமெரிக்காவில் டெல்லா ராய் என்ற பெண் விஞ்ஞானி, பவளத்தின் துளைகள் கெடாமல் அதை எலும்புத் தாதுவாக மாற்றும் முறையை வெளியிட்டார். எங்கள் காரைக்கால் கடற்கரை வெறும் மணல், பவளம் கிடையாது. மன்னார் வளைகுடாவில் உண்டு. ஆனால் பவளம் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது, தொடக்கூடாது.

சென்னை ஐ.ஐ.டி.யில் வேறு வழி பார்த்தார்கள். எதிலிருந்து தெரியுமா? நாம் குப்பையில் எறிகிற முட்டை ஓட்டிலிருந்து! ஓட்டில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அதைச் சூளை வெப்பத்தில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, பாஸ்பேட்டோடு சேர்த்து, மைக்ரோவேவில் சூடுகாட்டி இதே தாதுவைச் செய்து 2007-ல் கட்டுரை வெளியிட்டார்கள். உடனே யாரும் முட்டை ஓட்டை அம்மியில் அரைத்துக் காலில் பற்றுப்போட வேண்டாம்! அது ஆராய்ச்சிக்கூடத்துப் பக்குவம்.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் இன்னும் ஒரு படி மேலே போனது. பந்தலை வெறுமனே வைக்காமல், ஆட்டின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்களை அதில் முதலில் வளர்த்து, அதே ஆட்டின் தொடை எலும்பில் வெட்டி ஏற்படுத்திய இடைவெளியில் வைத்தார்கள். வெறும் பந்தலைவிடச் செல் குடியேறிய பந்தலில் எலும்பு நன்றாக வளர்ந்தது என்று 2009-ல் எழுதினார்கள். நாற்றங்காலில் விட்டுப் பிறகு நடுகிற நாற்று மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். தஞ்சாவூர்ச் சீமைக்காரர்களுக்கு இதை விளக்கவா வேண்டும்?

ஆனாலும் ஆசை காட்டி மோசம் செய்யக்கூடாது. துளை அதிகமானால் பலம் குறையும். பீங்கான்தானே, அழுத்தினால் நொறுங்கும். எனவே உடம்பைத் தாங்கும் காலில் வைத்தால் எலும்பு வளரும்வரை உலோகத் தகடோ கம்பியோ துணைக்கு வேண்டும். பந்தல் சீக்கிரம் கரைந்தாலும் ஆபத்து, கரையாமலே கிடந்தாலும் சங்கடம். செல் வளர்த்து வைக்கும் வைத்தியம் இன்னும் எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும் சாதாரண விஷயம் ஆகிவிடவில்லை.

இன்று நாம் அதிகமாகச் சந்திக்கக்கூடியது பல் டாக்டரிடம்தான். ஈறு நோயில் கரைந்த தாடை எலும்பை நிரப்ப, குருணை போன்ற இந்தப் பொருளை வைக்கிறார்கள். சிமெண்ட் இல்லாமல் பொருத்தும் இடுப்பு மூட்டிலும் உலோகத்தின் மேற்பரப்பைச் சொரசொரப்பாகவோ துளைகளோடோ செய்கிறார்கள், எலும்பு வளர்ந்து அதைப் பற்றிக்கொள்ளட்டும் என்று.

வீட்டில் யாருக்காவது இப்படிச் சிகிச்சை என்றால் கூச்சப்படாமல் டாக்டரைக் கேளுங்கள்: வைக்கப்போவது சொந்த எலும்பா, செயற்கைப் பொருளா? அது கரைந்துவிடுமா, தங்குமா? எத்தனை நாள் காலை ஊன்றக்கூடாது? சர்க்கரை வியாதி இருந்தால் முன்கூட்டியே சொல்லிக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். வீட்டுக்காரர் பீடி, சிகரெட் பிடிப்பவராக இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். புகை ரத்த ஓட்டத்தைக் குறைத்து எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.