ஈஸ்டில் விளையும் இன்சுலின்

சர்க்கரை நோய் நம் நாட்டுக்குப் புதியதன்று. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் பெரியவர்களுள் ஆறு பேருக்கு ஒருவர் என்ற அளவில் இந்நோய் பரவியிருக்கிறது. மாத்திரை போதாது, இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும், தோட்டத்துப் பெரியவர்கள் பலர் கேட்கும் முதற் கேள்வி வலியைப் பற்றியதன்று. "ஐயா, அது மாட்டிலிருந்து எடுக்கிறதாமே?" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. அண்டை வீட்டு மலாய்க்கார நண்பருக்கோ, பன்றியிலிருந்து எடுப்பதோ என்ற ஐயம். இந்த அச்சத்தால் ஊசியைத் தள்ளிப்போட்டுக் காலிலே புண் கண்டு அல்லற்படுவோரை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஆகவே இப்பொருளை ஆசிரியர்கள் சற்று நுணுகி அறிந்திருத்தல் நலம்.

அந்த ஐயம் ஆதாரமற்றதென்று சொல்லிவிடவும் முடியாது. 1921இல் கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்போர் நாயின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தனர். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு மாட்டுக் கணையச் சாறு முதன்முதலாக ஊசி வழி செலுத்தப்பட்டது. அதன் பிறகு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் உலகம் முழுவதும் நோயாளிகள் பயன்படுத்தியது மாட்டு இன்சுலினும் பன்றி இன்சுலினுமே. அரைப் பவுண்டு தூய இன்சுலின் பெற இரண்டு டன் அளவுக்குப் பன்றிக் கணையம் வேண்டியிருந்ததாம். ஆட்டுக்கிடை, மாட்டுக்கிடை எல்லாவற்றையும் காலிசெய்தாலும் பெருகிவரும் நோயாளிகளுக்குக் கட்டுபடியாகுமா என்ற கவலை 1970களில் அறிஞரிடையே எழுந்தது.

இங்கே சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. இன்சுலினைக் 'கணைய நீர்' என்று தமிழ்ப்படுத்தி எழுதுவோர் உளர். இது பொருந்தாது. கணையம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, உணவைச் செரிக்கும் நீரைக் குழாய் வழியே குடலுக்கு அனுப்புதல். கணைய நீர் என்பது அதுதான். மற்றொன்று, கணையத்துள் தீவுகள்போல் சிதறிக் கிடக்கும் உயிரணுத் திட்டுகள் இரத்தத்தில் நேரே இன்சுலினைக் கலத்தல். தீவு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்தே இன்சுலின் என்ற பெயர் வந்தது. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் மாணவனுக்குக் குழப்பமே மிஞ்சும். இன்சுலின் என்றே எழுதுவது என் வழக்கம்.

இன்சுலின் ஒரு புரதம். இருபது வகை அமினோ அமிலங்கள் எழுத்துகள்போல் வரிசையாகக் கோக்கப்பட்டுப் புரதங்கள் அமைகின்றன. மாட்டு இன்சுலினின் எழுத்து வரிசையை முழுதும் படித்துக் காட்டிய பிரிட்டிஷ் அறிஞர் பிரெடரிக் சாங்கருக்கு 1958இல் நோபெல் பரிசு கிடைத்தது. மனித இன்சுலினில் 51 எழுத்துகள் உள்ளன. 21 எழுத்துகள் கொண்டது ஒரு சங்கிலி, 30 எழுத்துகள் கொண்டது மற்றொன்று. பன்றியின் இன்சுலின் நம்முடையதோடு ஓரெழுத்தில்தான் வேறுபடுகிறது. அதுவும் நீண்ட சங்கிலியின் கடைசி எழுத்து. மாட்டுடையது மூன்றெழுத்தில் வேறுபடும். எழுத்துப்பிழையோடு எழுதிய சொல்லாயினும் பொருள் விளங்குவதுபோல, உடல் அவற்றை ஏற்றுக்கொண்டது. சிலருடைய உடல் மட்டும் அந்நியப் பொருளென்று கண்டு எதிர்த்தது.

அப்படியானால் பிழையில்லாத மனித இன்சுலினை யாரிடம் பெறுவது? மனிதன் கணையத்தைக் கொடுக்க முடியாது. ஆனால் இன்சுலின் செய்யும் முறை மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. வியப்பு என்னவெனில், அந்த மரபணு மொழி மனிதனுக்கும் நுண்ணுயிருக்கும் பொது. மனிதனுக்குரிய ஏட்டை நுண்ணுயிரின் உள்ளே வைத்தால் அதுவும் படித்துப் புரதத்தைச் செய்யும். 1978இல் பாக்டீரியாவைக் கொண்டு அமெரிக்காவில் இது நிறைவேறியது. 1982இல் அம்மருந்து விற்பனைக்கு வந்தது. டென்மார்க்கின் நோவோ நிறுவனம் 1987இல் ரொட்டி ஈஸ்டைக் கொண்டு அதே வேலையைச் செய்தது.

ஈஸ்ட் நமக்கு அந்நியமன்று. தென்னங்கள்ளைப் பொங்கி நுரைக்கச் செய்வது அது. ஆப்ப மாவில் ஒரு கரண்டி கள் விடுவதும் அதற்காகவே. மலாய்க்காரரின் தாப்பாய் இனிப்பதும் புளிப்பதும் ஈஸ்டும் அதன் கூட்டாளிகளும் செய்கிற வேலை. (இட்லி மாவைப் புளிக்க வைப்பதும் ஈஸ்டே என்று வகுப்பில் சொல்வதுண்டு, அங்கே பெரும்பங்கு வேலை பாக்டீரியாவுடையது.) பாக்டீரியா தான் செய்த மனிதப் புரதத்தை உடலுக்குள்ளேயே கட்டியாகத் திரட்டி வைத்துக்கொள்ளும், அதை உடைத்தெடுத்துச் சரியான வடிவத்துக்கு மடிக்க வேண்டும். ஈஸ்டோ மடித்துப் பிணைத்து வெளியே நீரில் விட்டுவிடும். இன்சுலினின் வடிவத்தைக் கந்தகப் பிணைப்புகள் மூன்று இறுக்கிப் பிடிக்கின்றன. அவை சரியான இடத்தில் விழாவிட்டால் மருந்து பயன்படாது. ஈஸ்டின் சிறப்பு இதுவே.

பெங்களூரின் பயோகான் நிறுவனம் இத்துறையில் நமக்கு நெருங்கியது. 1978இல் கிரண் மஜும்தார் ஷா தொடங்கிய அந்நிறுவனம் முதலில் பப்பாளிப் பாலிலிருந்து நொதி எடுத்து ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. 2004இல் 'பிச்சியா' என்னும் வேறொரு ஈஸ்டில் விளைந்த மனித இன்சுலினை இன்சுஜென் என்ற பெயரில் இந்தியாவில் வெளியிட்டது. பின்னர் ஜொகூர் இஸ்கண்டார் புத்ரியில் பேராலையும் எழுப்பிற்று. 2016இல் நம் சுகாதார அமைச்சு மூன்றாண்டுக்கு ஏறத்தாழ 300 மில்லியன் வெள்ளிக்கு அவ்வின்சுலினை வாங்க ஒப்பந்தம் தந்தது.

பிச்சியா ஈஸ்டின் உணவுப் பழக்கம் விந்தையானது. முதலில் கிளிசரின் ஊட்டி அதைப் பெருக்குவர். செம்பனை எண்ணெயிலிருந்தும் கிளிசரின் கிடைக்கும் என்பதைத் தோட்டத்து மாணவருக்குச் சொன்னால் மகிழ்வர். கூட்டம் பெருகியபின் மெத்தனால் ஊட்டுவர். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் கலப்பட மதுவைக் குடித்த பலரைக் கொன்ற அதே நஞ்சு! இந்த ஈஸ்டுக்கு அது சோறு. அதைச் செரிக்கும் நொதியைச் செய்யச் சொல்லும் மரபணு விசைக்குப் பின்னே இன்சுலின் மரபணுவைப் பொருத்தி வைப்பதால், மெத்தனால் வந்ததும் விசை திறந்து இன்சுலினின் முன்வடிவம் கொட்டத் தொடங்கும். பிறகு பல படிகளில் தூய்மை செய்யப்படுவதால் மருந்தில் நஞ்சு தங்குவதில்லை.

முன்வடிவம் என்றேன். அதை உரிய இடத்தில் நறுக்கினால்தான் இன்சுலின் பிறக்கும். நறுக்குவது டிரிப்சின் என்னும் நொதி. அதுவோ, மேலே சொன்ன கணைய நீரில் இருப்பது. பான்டிங்குக்கு முன்பு முயன்றவர்களின் சாறு கெட்டதற்கு, கணையத்தை அரைத்தபோது அதன் செரிமான நொதிகள் இன்சுலினைத் தின்றுவிட்டதே காரணமென்று கருதினர். தின்ற பகைவனையே அளவோடு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்! ஆனால் டிரிப்சினைப் பன்றிக் கணையத்திலிருந்தே நெடுங்காலம் எடுத்து வந்தனர். ஈஸ்டில் செய்தும் பன்றியின் நொதியால் நறுக்கினால் விலங்குத் தொடர்பு அறவே அற்றதென்று சொல்ல முடியுமா? முடியாது. இப்போது டிரிப்சினையும் ஈஸ்டிலும் சோளப் பயிரிலும் உண்டாக்குகிறார்கள். ஈஸ்டுக்கு ஊட்டும் உணவிலும் விலங்குச் சாறு சேராமல் பார்த்துக்கொள்ளலாம். நம் நாடு 2012இல் வகுத்த எம்.எஸ். 2424 என்னும் ஹலால் மருந்துத் தரம் மூலப்பொருளோடு நில்லாமல் செய்முறையையும் நோக்குகிறது. சைவ உணவினருக்கும் அந்த ஆய்வின் பயன் ஓரளவு கிட்டும் என்பது என் கருத்து.

இன்சுலின் ஒன்றோடு இம்முறை நிற்கவில்லை. கல்லீரல் அழற்சி 'பி' நோய்த் தடுப்பூசி, 1986க்கு முன் நோய்க்கிருமி தாங்கியவர்களின் இரத்தத்திலிருந்து செய்யப்பட்டது. பிறகு ஈஸ்டில் செய்தனர். 1989 முதல் நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி போடப்பட்டு வருகிறது. அது கிருமியின் புரதம், மனிதனுடையதன்று. மனித இரத்தத்தில் உள்ள அல்புமின் என்னும் புரதத்தையும் ஈஸ்ட் தருகிறது.

கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ அரசாங்க மருந்தகத்தில் பெரியவர்களுக்காக மருந்து வாங்கச் செல்வோர், பெட்டியின் பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பார்க்கலாம். 'ஆர்-டி-என்-ஏ' என்ற எழுத்துகளோ, 'ரீகாம்பினன்ட்' என்ற சொல்லோ அச்சிட்டிருந்தால், அந்த இன்சுலின் நுண்ணுயிரில் விளைந்தது. விலங்கின் கணையத்திலிருந்து எடுத்ததன்று. நறுக்கிய நொதி எதுவென்று பெட்டி சொல்லாது. அதை அறிய விரும்புவோர் மருந்தாளரைக் கேட்கலாம். விடை வரும்வரை ஊசியை நிறுத்திவைக்கக் கூடாது.