முத்திரை டின்னுக்குத்தான்; கரண்டிக்கு இல்லை!

டெலானிபூர்: கப்பல் சரக்கு கடைக்கு வந்துவிட்டால் இங்குள்ள மளிகைக் கடைகளில் கூட்டம் நெரியும். சென்னையிலிருந்து சுமார் 1200 கிலோமீட்டர், மூன்று நாள் கடல் பயணம் செய்து வந்த சரக்கல்லவா! "அக்மார்க் நெய்தானே அண்ணாச்சி?" என்று கேட்கிறார் ஒரு கட்டடத் தொழிலாளி. "டின்னைப் பாருங்க" என்று முத்திரையைக் காட்டிவிட்டு, அதிலிருந்து 100 கிராம் அளந்து தருகிறார் கடைக்காரர். இருவருக்கும் திருப்தி. ஆனால் அந்த முத்திரை எதற்கு உத்தரவாதம்?

அசல் சரக்கு என்பதற்கே 'அக்மார்க்' என்று சொல்லும் அளவுக்கு நம் பேச்சில் ஊறிவிட்ட சொல் இது. 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி, மத்திய அரசின் சந்தை மற்றும் ஆய்வு இயக்ககம் இந்த முத்திரைக்கு அனுமதி வழங்குகிறது. நெய் தயாரிப்பவர் தாமாக முன்வந்து விண்ணப்பிக்க வேண்டும். அதிகாரிகள் இடத்தையும் ஆய்வுக்கூடத்தையும் பார்த்த பிறகே அனுமதி.

மூன்று சோதனைகள்

ஒவ்வொரு தொகுதி நெய்யிலும் மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். பால் கொழுப்புக்கே உரிய அமிலங்களைக் காட்டும் ரீச்சர்ட் எண் பொதுவாக 28க்குக் குறையக் கூடாது. நெய் கெட்டுவரும்போது கூடுகிற அமிலம் 1.4 சதவீதத்துக்குள் இருந்தால் 'ஸ்பெஷல்' தரம், 2.5 வரை 'ஜெனரல்' தரம்.

மூன்றாவது சோதனை சுவையானது. வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் கலக்க வேண்டும் என்பது அரசு விதி. ருசிக்காக அல்ல, திருடனைப் பிடிக்க! வனஸ்பதி கலந்த நெய்யில் அமிலமும் பர்பியூரால் என்ற திரவமும் விட்டுக் குலுக்கினால், நல்லெண்ணெய் சிவப்பு நிறம் காட்டி அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இத்தோடு முடிவதில்லை. இன்ஸ்பெக்டர்கள் கடைகளிலும் மாதிரி எடுத்து, சென்னை போன்ற ஊர்களிலுள்ள அக்மார்க் ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்புகிறார்கள். தவறு தெரிந்தால் அனுமதி ரத்தாகும்.

எண் வேறு, தரம் வேறு

டப்பாவில் உள்ள 14 இலக்க எண்ணைப் பலர் தர முத்திரை என்று நினைக்கிறார்கள். அது 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தரப்படும் உரிமம் அல்லது பதிவு எண். தொழில் நடத்த அனுமதி, அவ்வளவே. அது முதல் தரமா, இரண்டாம் தரமா என்று சொல்லாது.

அக்மார்க் சொல்லும். ஆனால் சீல் உடையாத டப்பாவுக்கு மட்டும். திறந்த டின்னில் பிறகு என்ன சேர்ந்தது என்பதற்கு எந்த அதிகாரியும் பொறுப்பல்ல. 100 கிராம்தான் வாங்க முடியும் என்றால், சீல் வைத்த சிறு பொட்டலமாகக் கேட்டு வாங்குங்கள். முத்திரை, தரம், தயாரித்த தேதி மூன்றையும் பாருங்கள்.

நமக்கும் உரிமை உண்டு

சந்தேகம் வந்தால் மனம் நொந்து வீடு திரும்ப வேண்டியதில்லை. அதே சட்டத்தின் 40ஆவது பிரிவின்படி, சோதனைக்கு அனுப்பப் போவதாகக் கடைக்காரரிடம் வாங்கும்போதே சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி, எந்த வாடிக்கையாளரும் பொருளைப் பரிசோதிக்கச் செய்யலாம். குறை உண்மையென்றால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பில் வாங்கும் பழக்கம் இருந்தால் பேச்சும் எடுபடும்.

கடல் தாண்டி வந்து நாம் உழைத்த காசு அது. கரண்டியில் கரைந்து போகலாமா?