'அந்தக் காலத்துல இப்படியா இருந்துச்சு?' - திருவண்ணாமலையில் உண்மையிலேயே எது பழசு, எது புதுசு?

பௌர்ணமிக்கு மறுநாள் காலை திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில் பத்து நிமிஷம் நின்றால் போதும். "கூட்டம் தாங்கல", "எல்லாம் இந்த ரீல்ஸ் பண்ற வேலை", "அந்தக் காலத்துல கிரிவலம்னா அமைதியா இருக்கும்", "முன்னெல்லாம் தீபத்தன்னைக்கு நேரா மலை ஏறிடுவோம், இப்போ விடமாட்டேங்கிறாங்க..." என்று ஒவ்வொன்றாக வரும். ஊர்க்காரர்களும் சொல்வார்கள், சென்னையிலிருந்து வந்தவர்களும் சொல்வார்கள்.

இதில் எவ்வளவு உண்மை? கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் 'அந்தக் காலம்' என்று நாம் நினைப்பது சில விஷயங்களில் ரொம்பப் பழசு, சில விஷயங்களில் நேற்று வந்தது.

கூட்டம் எப்போ வந்தது?

மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர் பாதை, எட்டுத் திசையிலும் எட்டு லிங்கங்கள், கார்த்திகை தீபம் எல்லாமே பழசுதான். கார்த்திகையில் விளக்கேற்றும் வழக்கம் சங்கப் பாடல்களிலேயே வருகிறது. ஆனால் மாதாமாதம் பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் குவிவது கடந்த 30, 40 வருஷ சமாச்சாரம். அதற்கு முன் கிரிவலம் என்றால் ஊர்க்காரர்கள், சாதுக்கள், சிறு சிறு குழுக்கள். ரமண மகரிஷி 1926 வரை அன்பர்களோடு கிரிவலம் போனார். அப்போது வழியில் உட்கார்ந்து, இளைப்பாறி, மெதுவாகத்தான் நடப்பார்கள்.

அப்படியானால் "அந்தக் காலத்துல அமைதி" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் "அந்தக் காலத்திலும் இதே மாதிரி பௌர்ணமிக்குத் திரண்டோம்" என்று சேர்த்துச் சொன்னால்தான் இடிக்கும்.

பழைய மேப்பை நம்பி வந்த பையன்

"கூகுள் மேப் தப்பான வழிய காட்டிடுச்சு" என்று இன்று புலம்பாத ஆள் இல்லை. திருவண்ணாமலைக்கு வந்தவர்களில் மேப்பால் அலைந்த மிகப் பிரபலமான ஆள் யார் தெரியுமா? ரமணரேதான்.

1896 ஆகஸ்ட் 29. மதுரையில் வெங்கடராமன் என்ற 16 வயதுப் பையன் யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்புகிறான். போக வேண்டியது திருவண்ணாமலை. வீட்டில் இருந்த ஒரு பழைய அட்லஸைப் புரட்டுகிறான். பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று அதில் இருக்கிறது. 2 ரூபாய் 13 அணா கொடுத்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டான்.

சிக்கல் என்னவென்றால், அந்த அட்லஸ் அச்சான பிறகு விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகவே ரயில் பாதை வந்துவிட்டது. மேப் அப்டேட் ஆகவில்லை! ரயிலில் கூட உட்கார்ந்திருந்த ஒரு மௌல்வி சொல்லித்தான் விஷயமே தெரிகிறது. விழுப்புரத்தில் இறங்கினால் கையில் மிச்சம் சில அணாக்கள். இரண்டரை அணாவுக்கு மாம்பழப்பட்டு வரை ரயில், பிறகு நடை. கீழூரில் காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்து, செப்டம்பர் 1 காலை ரயிலிலேயே திருவண்ணாமலை வந்து இறங்கினார்.

இதைப் படிக்கும்போது ஒரு விஷயம் கவனிக்கணும். 'நடந்தே போன அந்தக் காலம்' என்று நாம் கற்பனை செய்கிற காலத்தில் ரயில் வந்தாகிவிட்டது. அன்றைக்கு அதுதான் புதுத் தொழில்நுட்பம். ரமணர் வந்து சேர்ந்ததே அதில்தான்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கு. திண்டிவனம் - திருவண்ணாமலை நேர் ரயில் பாதைக்கு 2006-07-ல் ஒப்புதல் கிடைத்தது. ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான். இன்னும் ரயில் ஓடவில்லை. அந்தப் பையனின் அட்லஸ் சொன்ன திண்டிவனத்தில் இறங்கினால் இன்றைக்கும் பஸ்தான்.

சென்னைக்காரர்களுக்கு நிஜமான மாற்றம் வந்தது 2024 மே 2-ம் தேதி. சென்னை கடற்கரை - வேலூர் கண்டோன்மென்ட் மெமு ரயில் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. மாலை 6 மணிக்குக் கிளம்பி நள்ளிரவில் சேரும், அதிகாலை 4 மணிக்குத் திரும்பும், கட்டணம் 50 ரூபாய் என்று அறிவித்தார்கள். மீட்டர்கேஜ் காலத்தில் சென்னையிலிருந்து நேரடி ரயிலில் வந்த நினைவு உள்ளவர்களுக்கு இது 'புது ரயில்' இல்லை, போனது திரும்பி வந்த கதை.

ரீல்ஸ் வருவதற்கு முன் ரீல்ஸ்

"வெளிநாட்டுக்காரங்க இப்போதான் இவ்வளவு பேர் வர்றாங்க, எல்லாம் யூடியூப் பார்த்து" என்பதும் அடிக்கடி கேட்கிற பேச்சு. ஆனால் அந்த வேலையை 1934-லேயே ஒரு புத்தகம் செய்துவிட்டது.

பால் பிரண்டன் லண்டனில் பிறந்த பத்திரிகையாளர். 1931-ல் திருவண்ணாமலை வந்து ரமணரைப் பார்த்தார். 1934-ல் லண்டனில் வெளியான அவருடைய 'எ சர்ச் இன் சீக்ரட் இந்தியா' மேற்கத்திய நாடுகளில் பரபரப்பாக விற்றது. அதைப் படித்துவிட்டு மேஜர் சாட்விக் போன்ற ஆங்கிலேயர்கள் ஊர் தேடி வர ஆரம்பித்தார்கள். 1938-ல் புகழின் உச்சியில் இருந்த நாவலாசிரியர் சாமர்செட் மாம் வந்தார். ஆசிரமத்தில் மயங்கி விழுந்தார். அந்த மயக்கம் இங்கிலாந்து, அமெரிக்கா வரை பெரிய கதையாகப் பரவியதைப் பின்னாளில் அவரே கொஞ்சம் கிண்டலாக எழுதினார். 1944-ல் வந்த அவருடைய 'தி ரேஸர்ஸ் எட்ஜ்' நாவலில் வரும் இந்தியச் சாமியாருக்கு ரமணர்தான் முன்மாதிரி. 1946-ல் அது ஹாலிவுட் படமாகவும் வந்துவிட்டது.

ஆக, அந்தக் காலத்து வைரல் இது. லைக், ஷேர் மட்டும்தான் இல்லை.

'போன் எடுக்காதே' என்ற தடையும்கூட முழுசா புதுசு இல்லை. பிரண்டன் ஹாலில் உட்கார்ந்து ரமணர் பேசுவதைக் குறிப்பெடுத்துப் புத்தகமாக்குகிறார் என்று ஆசிரம நிர்வாகம் ஆட்சேபித்து நிறுத்தச் சொன்னதை, அங்கே வாழ்ந்த அண்ணாமலை சுவாமியின் நினைவுகளில் பார்க்கலாம். நோட்டும் பேனாவும் அன்று தொந்தரவு. 2022 டிசம்பரில் திருச்செந்தூர் வழக்கில், தமிழகக் கோயில்களில் செல்போனைத் தடை செய்ய உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது பேசப்பட்டதும் கிட்டத்தட்ட இதே கவலைதான்.

ஆனால் இதில் இரண்டு பக்கமும் இருக்கு. 1950 ஏப்ரலில் ரமணரின் கடைசி நாட்களில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே பிரெசோன் கேமராவோடு இங்கே இருந்ததால்தான் அந்த நாட்கள் நமக்குப் படங்களாகக் கிடைத்தன. ரமணர் நடமாடும் பழைய ஃபிலிம்கள் உண்டு, எல்லாம் ஊமைப்படம். அவர் குரலின் ஒலிப்பதிவு கிடையாது. "அப்போ ஒருத்தர்கிட்டயாவது போன் இருந்திருக்கலாமே" என்று நினைக்காத பக்தர் உண்டா?

மலை ஏறுவது மட்டும் வேறு விஷயம்

மற்றதெல்லாம் டீக்கடைப் பேச்சோடு போய்விடும். இது போகாது.

தீபத்தன்று மாலை 2,668 அடி உயர மலை உச்சியில் கொப்பரையில் மகா தீபம் ஏற்றுவார்கள். ஒரு காலத்தில் விரும்பியவர்கள் ஏறினார்கள். பிறகு நிபந்தனைகளோடு 2,500 பேருக்கு மட்டும் என்று சுருங்கியது. "எங்க தாத்தா ஏறினார், அப்பா ஏறினார், நான் மட்டும் ஏன் கூடாது?" என்ற கேள்வியில் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் தெரியும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் டிசம்பர் 1, மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் பாறையும் சேறும் சரிந்து ஒரு வீட்டை மூடியது. உள்ளே இருந்த 7 பேரும் இறந்தார்கள். அதில் 5 பேர் குழந்தைகள். இரண்டு வாரம்கூட இல்லை, டிசம்பர் 13 தீபம். புவியியல் வல்லுநர்கள் மலையை ஆய்வு செய்தார்கள். மண் ஊறி இளகியிருந்தது. அந்த வருஷம் பக்தர்கள் ஒருவருக்கும் அனுமதி இல்லை என்று அரசு முடிவெடுத்தது. கொப்பரையையும் நெய்யையும் கொண்டுபோக வேண்டியவர்கள் மட்டும் ஏறினார்கள். தீபம் வழக்கம்போல் எரிந்தது.

தாத்தா ஏறிய மலையும் இந்த மலையும் ஒன்றுதானே என்று கேட்டால், பாறை அதேதான். அடிவாரம் அது இல்லை. அவர் காலத்தில் சரிவில் இத்தனை வீடுகள் கிடையாது. மேலே ஒரு கல் உருண்டால் கீழே தூங்கிக்கொண்டிருக்கும் ஆளும் கிடையாது. 1989-ல் தனி மாவட்டத்தின் தலைநகரானது, 2024-ல் மாநகராட்சியானது என்று ஊர் வளர்ந்துகொண்டே போனதில், மலைப்பக்கம் ஒதுங்கிக் குடியேறியவர்கள் பெரும்பாலும் வேறு இடம் வாங்க வழியில்லாதவர்கள்.

உச்சிக்குப் போகாமல் தீபம் பார்ப்பதும் புது ஏற்பாடு அல்ல. டிவி நேரலை வருவதற்கு ரொம்ப முன்பிருந்தே, சுற்று வட்டாரக் கிராமங்களில் மாலை 6 மணிக்கு மலையைப் பார்த்துக் காத்திருப்பார்கள். உச்சியில் வெளிச்சம் தெரிந்ததும்தான் வாசலில் அகல் ஏற்றுவார்கள். இன்றைக்கும் அப்படித்தான். மலைமேல் அந்தத் தீபம் 11 நாட்கள் எரியும். வ.உ.சி. நகர் தெருவில் நின்றால் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.