புதிய கணனி இயங்க மறுக்கிறதா?

மாதக் கணக்கில் சேர்த்த பணத்தில் உங்கள் மகனோ மகளோ பாகங்களைத் தனித்தனியே வாங்கி வந்து, வீட்டிலேயே ஒரு கணனியைப் பூட்டி முடிக்கிறார். வீட்டார் எல்லோரும் சூழ்ந்து நிற்க, சுவிட்ச் அழுத்தப்படுகிறது. திரையில் எதுவுமே தெரியவில்லை. "அவ்வளவு காசும் வீண்!" என்கிறார் வாப்பா. பிள்ளையின் கண்கள் கலங்குகின்றன.

சகோதரியே, இந்த நேரத்தில் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, பிள்ளையை ஏசவிடாமல் தடுப்பதுதான். புதிதாகப் பூட்டிய கணனி முதல் தடவையில் இயங்காமற் போவது அனுபவசாலிகளுக்கும் நேர்வதே. பல சமயங்களில் எந்தப் பாகமும் பழுதடைந்திருக்காது. ஏதோவொரு இணைப்புச் சரியாக அமர்ந்திருக்காது. தையல் மெஷினில் நூல் அறுந்தால் மெஷினையா எறிகிறோம்? ஊசியைப் பார்க்கிறோம், பொபினைப் பார்க்கிறோம். இங்கும் அதே ஒழுங்குதான்.

முதலில் பாதுகாப்பு. உள்ளே கை வைக்குமுன் சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பெட்டியின் உலோகப் பகுதியை ஒரு தடவை தொட்டுக்கொண்டால் உடலிலுள்ள நிலைமின் நீங்கும். மின்சாரம் வழங்கும் பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னரும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

அடுத்து, என்ன நடக்கிறது என்பதை அவதானியுங்கள்.

விசிறியும் சுழலவில்லை, விளக்கும் எரியவில்லையா? சுவரிலுள்ள பொயின்ட்டில் மேசை விளக்கொன்றைப் போட்டு மின்சாரம் வருகிறதா எனப் பாருங்கள். பவர் சப்ளையின் பின்புறச் சுவிட்ச் '1' என்ற பக்கம் அழுத்தப்பட்டிருக்க வேண்டும். சில பழைய வகைகளில் 115, 230 எனக் குறித்த சிறிய மாற்றியொன்று இருக்கும். நமது நாட்டு மின்சாரம் 230 வோல்ட். எனவே அது 230 இல் இருப்பது கட்டாயம். தவறினால் பவர் சப்ளை எரிந்துவிடும். பின்னர், மதர்போட்டில் 24 பின்கள் கொண்ட பெரிய பிளக் இறுக்கமாக அமர்ந்துள்ளதா, பெட்டியின் முன்புற பொத்தானிலிருந்து வரும் மெல்லிய வயர் சரியான இரு பின்களில் மாட்டப்பட்டுள்ளதா என்று கைநூலிலுள்ள படத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

விசிறி சுழல்கிறது, திரை மட்டும் இருளாக உள்ளதா? புரொசசருக்கு அருகே 4 அல்லது 8 பின்கள் கொண்ட தனிப் பிளக் ஒன்றுண்டு. பலரும் மறப்பது இதைத்தான். தனியான கிராபிக்ஸ் கார்ட் இருந்தால், மொனிட்டர் கேபிளை அந்தக் கார்ட்டிலேயே செருக வேண்டும். றாம் துண்டுகளைக் கழற்றி, 'டிக்' என்ற ஓசை கேட்கும் வரை மீண்டும் அழுத்திப் பொருத்துங்கள். ஒரேயொரு துண்டுடனும் முயன்று பாருங்கள். டிடிஆர்5 வகை றாம் என்றால் முதல் தடவை திரை சில நிமிடங்கள் இருளாகவே இருக்கலாம். அவசரப்பட்டு அணைக்க வேண்டாம். இப்போதைய பல மதர்போட்களில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் எனக் குறித்த நான்கு சிறு விளக்குகள் உண்டு. எது அணையாமல் நிற்கிறதோ, கோளாறை அங்கே தேடுங்கள்.

இயங்கத் தொடங்கி உடனே நின்றுவிடுகிறதா? மதர்போட்டின் அடியில் ஒரு ஸ்குரூ ஆணி விழுந்து கிடக்கலாம், அல்லது தேவையற்ற இடத்தில் தாங்கியொன்று அதனைத் தொட்டு ஷோர்ட் ஆகலாம். மதர்போட்டை வெளியே எடுத்து, அது வந்த காட்போட் பெட்டியின் மேல் வைத்து, புரொசசர், அதன் குளிர்விப்பான், ஒரு றாம் துண்டு, பவர் சப்ளை ஆகியவற்றுடன் மட்டும் இயக்கிப் பாருங்கள். புரொசசரில் திரைக்கான வசதி இல்லாவிடில் கிராபிக்ஸ் கார்ட்டும் தேவை. இயங்கினால் மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒவ்வொரு தடவையும் மின்சாரத்தைத் துண்டித்த பின்பே சேர்க்க வேண்டும். எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ, குற்றவாளி அங்கேதான்!

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். அதைக் கொப்பியில் குறித்து வையுங்கள். இவ்வளவுக்கும் பலனில்லை என்றால், பற்றுச்சீட்டையும் அந்தக் குறிப்பையும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். புரொசசரை விடப் பழைய மதர்போட்டாக இருந்தால், அதன் பயோஸ் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டியும் வரலாம். கடைக்காரரிடம் அதையும் கேளுங்கள். பற்றுச்சீட்டுகளையும் வெற்றுப் பெட்டிகளையும் உத்தரவாதக் காலம் முடியும்வரை எறிந்துவிடாதீர்கள்.

கணனி இன்றிரவு இயங்காவிட்டால் நாளை இயங்கும். ஆனால் "உனக்கு இது சரிவராது" என்று இன்றிரவு சொல்லிவிட்டால், பிள்ளை நாளை ஸ்குரூ ட்ரைவரைக் கையில் எடுக்காது. அருகில் அமர்ந்து டோர்ச் லைட்டைப் பிடித்துக் கொடுங்கள். அது போதும்.